அணைப்பும் அரைமேனியும் கார்ட்டூனும்: ரொமான்ஸ் நாவல் அட்டை யாரைப் பார்த்து மாறியது?

அமெரிக்காவில் அச்சான பழைய பேப்பர்பேக் நாவல்களின் முதல் பக்கங்களில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். இந்தப் புத்தகத்தை அட்டை இல்லாமல் வாங்கியிருந்தால் அது திருட்டுச் சரக்கு, எழுத்தாளருக்கோ பதிப்பகத்துக்கோ அதற்குக் காசு வரவில்லை என்று. அட்டை கிழிந்த புத்தகம் எப்படித் திருட்டுச் சரக்காகும்? விற்காத புத்தகங்களை அப்படியே திருப்பி அனுப்பினால் லாரிக் கூலி கட்டாது. அதனால் கடைக்காரர் அட்டையை மட்டும் கிழித்துப் பதிப்பகத்துக்கு அனுப்பி, போட்ட காசைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். மிச்சத்தைக் கூழுக்குப் போட்டுவிட வேண்டும். கணக்குப் புத்தகத்தைப் பொறுத்தவரை அட்டைதான் புத்தகம். உள்ளே இருக்கும் முந்நூறு பக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த காகிதம்.

ரொமான்ஸ் நாவல்கள் பல பத்தாண்டுகள் இந்தச் சந்தையில்தான் பிழைத்தன. அதனால் அவற்றின் அட்டைகளைப் பற்றிப் பேசும்போது, "அந்தக் காலத்தில் அப்படி ரசித்தார்கள், இப்போது ரசனை மாறிவிட்டது" என்று முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ரசனை மாறத்தான் செய்கிறது. ஆனால் அட்டை அடியோடு மாறிய ஒவ்வொரு முறையும், அதற்குச் சற்று முன்னால் புத்தகம் விற்கும் இடம் மாறியிருக்கிறது. பதிப்பகத்துக்கும் வாசகிக்கும் நடுவில் யார் நின்றாரோ, முதலில் அவர் கண்ணில் படத்தான் அட்டை தன்னை அலங்கரித்துக்கொண்டது.

லண்டனில் 1908இல் ஜெரால்ட் மில்ஸ், சார்லஸ் பூன் என்ற இருவர் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன், ஆரம்பத்தில் எல்லா வகைப் புத்தகமும் போட்ட பதிப்பகம். 1930களில்தான் காதல் கதைகளில் காலூன்றியது. அன்றைக்கு அந்தக் கதைகளை விலை கொடுத்து வாங்கியவர்களை விட வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்தவர்களே அதிகம். பூட்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனமே பிரிட்டன் முழுக்க நூலகம் நடத்தியது, டபிள்யூ.எச். ஸ்மித்தும் நடத்தியது. நூலகக்காரருக்கு வேண்டியது பத்துக் கை மாறினாலும் பிரியாத பைண்டிங். அதனால் மில்ஸ் அண்ட் பூன் நாவல்கள் ஒரே மாதிரியான பழுப்பு நிறக் கெட்டி அட்டையில் வந்தன. மேலுறையில் படம் இருக்கும். ஆனால் ஆட்களுக்கு ஞாபகத்தில் நின்றது அந்தப் பழுப்பு நிறம்தான். 'பழுப்புப் புத்தகங்கள்' என்ற பெயரே அவற்றுக்கு ஒட்டிக்கொண்டது. எந்தக் கதை என்று யாரும் தேடவில்லை, அந்த நிறத்தில் அடுத்தது வந்திருக்கிறதா என்று பார்த்தார்கள்.

ஸ்மித் தன் நூலகத்தை 1961இல் மூடியது, பூட்ஸ் 1966இல். அதற்குள் அட்லாண்டிக்கின் மறுகரையில் வேறொரு கதை தொடங்கியிருந்தது. கனடாவின் வின்னிபெக் நகரில் 1949இல் பிறந்த ஹார்லெக்வின், துப்பறியும் கதை, கௌபாய் கதை என்று கிடைத்ததையெல்லாம் மலிவுப் பதிப்பாகப் போட்டுக்கொண்டிருந்த நிறுவனம். 1957இல் மில்ஸ் அண்ட் பூன் நாவல்களை வாங்கி மறுபதிப்புப் போட ஆரம்பித்தது. 1964 முதல் காதல் கதை தவிர வேறெதுவும் போடவில்லை. 1971இல் மில்ஸ் அண்ட் பூனையே விலைக்கு வாங்கிவிட்டது.

அதே காலத்தில் ஹார்லெக்வினின் தலைமைக்கு வந்த லாரன்ஸ் ஹைஸி, புத்தகத் தொழிலிலிருந்து வந்தவரல்ல. சோப்பும் சலவைத்தூளும் விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிளிலிருந்து வந்தவர். பெண்கள் வாரம் தவறாமல் போகிற இடம் சூப்பர்மார்க்கெட், அங்கே ஏன் நாவல் இல்லை என்பது அவர் கேள்வி. நாவல் அங்கே போய்ச் சேர்ந்தது. அட்டையும் அதற்கேற்ப மாறியது. ஒரே அளவு, ஒரே எழுத்துரு, மேலே நிறுவனத்தின் பெயர், முதுகில் வரிசை எண். 1973இல் தொடங்கிய 'ஹார்லெக்வின் பிரசென்ட்ஸ்' வரிசையில் வெள்ளை அட்டையின் நடுவே ஒரு வட்டம், அதற்குள் ஜோடியின் படம். எழுத்தாளர் யார் என்பதை விட எந்த வரிசை என்பதே பெரிதாகத் தெரியும். தள்ளுவண்டியோடு நடக்கிறவர் நின்று யோசிக்கக் கூடாது. பார்த்ததும் கை நீள வேண்டும். அழகு என்ற கணக்கில் அந்த அட்டைகளுக்கு நான் பெரிய மதிப்பெண் போடமாட்டேன். வேலை என்ற கணக்கில் அவற்றை மிஞ்ச முடியாது.

இதற்குச் சற்று முன்பே, 1960களில், அமெரிக்கக் கடைகளின் சுழலும் கம்பி ராக்குகளை இன்னொரு படம் பிடித்துக்கொண்டிருந்தது. இரவு. கருநீல வானம். பின்னால் ஒரு பழைய மாளிகை. முன்னால் வெளிர் நிறக் கவுனில் ஒரு பெண், வீட்டைத் திரும்பிப் பார்த்தபடி ஓடுகிறாள். மாளிகையில் ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு எரியும். கோதிக் ரொமான்ஸ் என்று அழைக்கப்பட்ட இந்த வகையில் ஏஸ் போன்ற பதிப்பகங்கள் நூற்றுக்கணக்கான நாவல்கள் போட்டன. அத்தனையிலும் இதே பெண், இதே வீடு, இதே ஜன்னல். சில அட்டைகளில் மாளிகைக்குப் பதில் கோட்டை வரும், சிலதில் கடலோரப் பாறை வரும். விளக்கு மட்டும் அணையவே அணையாது.

அந்தப் படத்தில் ஆண் அநேகமாக இருக்கமாட்டான், இருந்தாலும் தூரத்தில் நிழலாக நிற்பான். கதையில் அவனைக் காதலிப்பதா, அவனிடமிருந்து தப்பிப்பதா என்பதுதான் கேள்வி என்பதால் ஓவியர் அவனை வீட்டுக்குள் ஒளித்துவைத்தார். அந்த விளக்கு எரியும் அறையில் இருப்பது அவன்தான் என்று வாசகிக்குத் தெரியும். ரொமான்ஸ் அட்டைகளிலேயே ஒரு காட்சிக்குள் கதையின் முடிச்சை இத்தனை சிக்கனமாகச் சொன்னவை இவைதான் என்பது என் கருத்து. பின்னால் வந்த அணைப்பு அட்டைகளில் எத்தனையோ திறமை இருந்தும் இந்தச் சந்தேகம் இல்லை.

1972இல் ஏவான் பதிப்பகம் கேத்லீன் வுடிவிஸின் முதல் நாவலான 'தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்' என்ற தடிமனான சரித்திரக் காதல் கதையை நேரடியாகப் பேப்பர்பேக்கில் வெளியிட்டது. யாரும் சிபாரிசு செய்யாமல் தபாலில் வந்து குவிந்த கைப்பிரதிகளிலிருந்து நான்சி காஃபி என்ற எடிட்டர் எடுத்தது அது. படுக்கையறை வாசலில் கதவைச் சாத்திக்கொள்ளாத முதல் பெரிய வெற்றி என்று அதைச் சொல்வார்கள். லட்சக்கணக்கில் விற்றதும் மற்ற பதிப்பகங்களும் வரிசைகட்டின. ஓடிக்கொண்டிருந்த பெண் நின்றாள், திரும்பினாள், ஒருவனின் கைக்குள் வந்து சேர்ந்தாள். 'கிளின்ச்' அட்டை என்று தொழிலில் சொல்லப்படுவது இதைத்தான்: சட்டைப் பொத்தான்கள் திறந்த ஆண், தோளிலிருந்து நழுவும் கவுன், பின்னால் வளைந்த பெண்ணின் கழுத்து, காற்றில் பறக்கும் இருவர் தலைமுடி, பின்னணியில் கப்பலோ கோட்டையோ குதிரையோ.

கேலிக்கு இவ்வளவு ஆளான ஓவியங்கள் வேறு இருக்குமா தெரியாது. ஆனால் அவற்றை வரைந்தவர்கள் சாதாரணக் கைகள் அல்ல. ராபர்ட் மெக்கின்னிஸ் என்றால் 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' பட போஸ்டரும் ஜேம்ஸ் பாண்ட் போஸ்டர்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட பேப்பர்பேக் அட்டைகள் வரைந்தவர். ஜொஹானா லிண்ட்சேயின் நாவல்களுக்கு அவர் போட்ட அட்டைகளில் பெண் முக்கால்வாசி உடுத்தியிருக்க, ஆண் உடையில்லாமல் இருந்தது 1980களில் பெரிய பேச்சு. இத்தாலியின் பாரி நகரில் பிறந்து 1970களின் கடைசியில் அமெரிக்காவுக்கு வந்த பீனோ, பழைய ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தின் வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். எலைன் டுய்லோ என்ற பெண்மணி துணியின் பளபளப்பையும் தலைமுடியையும் வரைவதில் ராணி. 2003இல் அமெரிக்க ஓவியர்களின் புகழ்பெற்ற சங்கமான சொசைட்டி ஆஃப் இல்லஸ்ட்ரேட்டர்ஸ், தன் பெருமைக்குரியோர் பட்டியலில் அவரைச் சேர்த்தது.

ஓர் அட்டை எப்படித் தயாரானது என்று பார்த்தால் பாதிக் கேலிக்குக் காரணம் புரியும். எழுத்தாளருக்குப் பதிப்பகம் ஒரு படிவம் அனுப்பும். நாயகியின் தலைமுடி நிறம், நாயகனின் கண் நிறம், வயது, கதை நடக்கும் காலம், ஊர், படமாக்கத் தோதான இரண்டு மூன்று காட்சிகள். பெரும்பாலும் நாவலை முழுக்கப் படிக்க ஓவியருக்கு நேரம் இருக்காது. அந்தப் படிவமும் ஆர்ட் டைரக்டர் சொல்வதும்தான் ஆதாரம். நியூயார்க்கில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வாடகை உடையில் இரண்டு மாடல்கள் நிற்பார்கள். தலைமுடியைப் பறக்கவிட ஒரு மின்விசிறி ஓடும். கப்பலும் கிடையாது, கடலும் கிடையாது. கட்டிப்பிடித்தபடி அசையாமல் நின்று முதுகு பிடித்துக்கொள்ள, ஒரு மணி நேரத்தில் டஜன் கணக்கான படங்கள் எடுத்துவிடுவார்கள். அதிலிருந்து ஒரு படத்தின் கை, இன்னொன்றின் முகம், மூன்றாவதின் கவுன் என்று பொறுக்கிச் சேர்த்து ஓவியர் பலகையில் வரைவார். தலைமுடியைத் தூரிகை தன் இஷ்டத்துக்கு நீட்டிக்கொள்ளும்.

இப்படிச் சேர்க்கும்போது கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிரந்தர சாட்சி இருக்கிறது. 1993இல் வந்த கிறிஸ்டினா டாடின் 'காஸில்ஸ் இன் தி ஏர்' நாவலின் அட்டையில் நாயகிக்கு மூன்று கைகள். ஓவியரும் பார்த்தார், ஆர்ட் டைரக்டரும் பார்த்தார், அச்சகத்திலும் பார்த்தார்கள், எண்ணியவர் யாருமில்லை. எழுத்தாளரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில், அந்த அட்டை நாவலை விடப் பிரபலமாகிவிட்டது. நியாயமாகச் சொன்னால், அந்த மாதிரிப் படத்தில் எது யாருடைய கை என்று எண்ணுவது சுலபமில்லை.

ஆண் மாடல்களில் பெயர் வாங்கியவர் மிலன் நகரத்துக்காரரான ஃபாபியோ லான்ஸோனி. லிண்ட்சேயின் 1987 நாவல் ஒன்றுக்கு டுய்லோ வரைந்த அட்டையில் அவர் வந்தார். அப்புறம் நூற்றுக்கணக்கான அட்டைகளில் அதே தோள், அதே பொன்னிற முடி. 1993இல் அவர் பெயரிலேயே ஒரு கடற்கொள்ளையர் நாவலும் வந்தது. எழுதித் தந்தது வேறொருவர். அட்டைப்படத்தில் நின்றவன் ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்துக்கே ஏறிவிட்டான் என்றால், அந்தக் காலத்தில் அட்டையின் செல்வாக்கு எதுவரை போயிருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். 'ரொமான்டிக் டைம்ஸ்' என்ற பத்திரிகை நடத்திய வருடாந்திர மாநாட்டில் அட்டை மாடல்களுக்குள் அழகன் போட்டியே நடந்தது.

சரி, படிப்பவர்கள் பெண்கள். அட்டையில் பெண்ணின் மார்பு ஏன் இவ்வளவு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது? அன்று அந்தத் தொழிலில் இருந்த பலர் தந்த பதில் ஒன்றுதான்: அட்டையைப் பார்த்துச் சரக்கை எடுத்தவர்கள் ஆண்கள். சூப்பர்மார்க்கெட், மருந்துக்கடை, பஸ் நிலைய ராக்குகளை நிரப்பியது பத்திரிகைகளையும் புத்தகங்களையும் சேர்த்து விநியோகித்த ஊர் மொத்த வியாபாரிகள். பதிப்பகத்தின் விற்பனைப் பிரதிநிதி அவர்கள் முன் அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார். ஓர் அட்டைக்குச் சில நொடிகள்தான். கதை என்னவென்று கேட்க அங்கே நேரமில்லை. அந்தச் சில நொடியில் நின்று பார்க்கவைப்பது எதுவோ அது வரையப்பட்டது. வாசகிகள் பலர் அந்த அட்டைகளை வெறுத்தார்கள், ரயிலில் மறைத்துப் படித்தார்கள், தைத்த துணியுறை வாங்கிப் போட்டார்கள். ஆனால் புத்தகம் ராக்குக்கு வந்தால்தானே வாசகி வெறுக்கவாவது முடியும்.

அதற்காக வாசகிகளுக்கு அட்டை பயனில்லாமல் போகவில்லை. அவர்கள் அதை ஒரு சங்கேத மொழியாகப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஜோடி நின்றுகொண்டிருந்தால் ஒரு சூடு, படுத்திருந்தால் வேறு சூடு. கட்டம் போட்ட கில்ட் பாவாடை என்றால் ஸ்காட்லாந்து. கையுறையோடு ஒரு முழம் தள்ளி நின்று பேசும் ஜோடி என்றால் ரீஜென்சி காலத்து, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்க இங்கிலாந்தின், நாகரிகக் கதை, முத்தத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நவீன அலுவலக உடையில் மருத்துவரோ முதலாளியோ நின்றால் ஹார்லெக்வின் பாணி. நாயகியின் தலைமுடி நிறம் தப்பாக இருக்கலாம். கதை எந்த வகை, எவ்வளவு தூரம் போகும் என்பது தப்பாது. பின்னால் வந்த மாற்றங்களில் இந்த நம்பகம்தான் முதலில் போனது.

வெட்கத்துக்கும் வியாபாரத்துக்கும் இடையில் பதிப்பகங்கள் கண்ட சமரசம் 'ஸ்டெப்பேக்' அட்டை. வெளியே பார்த்தால் ஒரு ரோஜாக் கொத்து, ஒரு பட்டு நாடா, தங்க ஃபாயிலில் புடைத்து நிற்கும் எழுத்து. விளிம்பு சற்றுக் குட்டையாக வெட்டப்பட்டிருக்கும். திருப்பினால் உள்ளே இன்னொரு அட்டை, அதில் முழுப்பக்கத்துக்கு அணைப்பு. சில புத்தகங்களில் வெளியட்டையில் ஒரு ஜன்னல் வெட்டி உள்ளேயிருக்கும் முகம் மட்டும் தெரியவிடுவார்கள். 1980களிலும் 90களிலும் அச்சுத் தொழில்நுட்பம் எவ்வளவு பகட்டுக்கு இடம் கொடுத்ததோ அவ்வளவையும் இந்த நாவல்கள் உடுத்திக்கொண்டன. ஸீப்ரா பதிப்பகம் ஹோலோகிராமே ஒட்டியது. செலவு அதிகம்தான். ஆனால் கவுன்டரில் நீட்டும்போது ரோஜா தெரியும், வீட்டுக்குப் போய்த் திறந்தால் அணைப்பு தெரியும்.

1990களின் நடுவில் பெரிய சூப்பர்மார்க்கெட் சங்கிலிகள் ஊருக்கொரு விநியோகஸ்தரோடு மல்லுக்கட்டுவதை நிறுத்தின. சின்ன மொத்த வியாபாரிகள் மளமளவென்று மறைந்து, சில பெரிய நிறுவனங்கள் மிஞ்சின. அந்தப் பெரியவர்கள் அட்டையை விடப் போன புத்தகத்தின் விற்பனைக் கணக்கைப் பார்த்தார்கள். விளைவு, அட்டையில் ஓவியம் சுருங்கி எழுத்தாளரின் பெயர் பெரிதானது. விற்கும் பெயராக இருந்தால் பெயர் முக்கால் பக்கம், கீழே மூலையில் ஒரு பூவோ கடற்கரை வீடோ. அதே சமயம் போட்டோஷாப் வந்துவிட, வாரக்கணக்கில் வரையும் எண்ணெய் ஓவியத்துக்குக் கொடுக்கப் பணமும் பொறுமையும் போனது. போட்டோவையே ஓவியம் மாதிரி மெழுகிவிட்டார்கள். பீனோ போன்றவர்கள் காட்சிக்கூட ஓவியத்துக்குத் திரும்பினார்கள்.

அப்புறம் வந்தது தலை இல்லாத ஆண். 2000களின் நடுவிலிருந்து சுமார் பத்து வருடம், கழுத்துக்கு மேல் வெட்டப்பட்ட வெற்று மார்பு எங்கும் நின்றது. முகத்தை வாசகியே கற்பனை செய்துகொள்ளட்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். சொல்லப்படாத காரணம் செலவு. தானே பதிப்பிக்கும் எழுத்தாளர் இணையத்தில் விற்கும் ஸ்டாக் போட்டோ ஒன்றைச் சில டாலருக்கு வாங்குவார். அதே படத்தை வேறு நாலு பேரும் வாங்கியிருப்பார்கள். முகம் இருந்தால் ஐந்து நாவலிலும் ஒரே நாயகன் என்று உடனே தெரிந்துவிடும். வயிற்றுத் தசையில் அவ்வளவு அடையாளம் கிடையாது.

2007 நவம்பரில் அமேசானின் மின்புத்தகக் கருவியான கிண்டில் வந்தபோது இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடந்தது. என்ன படிக்கிறோம் என்று பக்கத்து சீட்காரருக்குத் தெரியாது, ஆகவே அட்டையை மறைக்க வேண்டிய தேவை போனது. இன்னொரு பக்கம், வாங்கும் இடத்தில் அட்டை தபால்தலை அளவுக்குச் சுருங்கியது. அந்த அளவில் கப்பலும் கோட்டையும் பட்டுக் கவுனும் சேறாகத்தான் தெரியும். ஒரு மார்பு தெரியும். ஒரு பெரிய எழுத்து தெரியும். 2012இல் விண்டேஜ் வெளியிட்ட 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே'யின் அட்டையில் மனிதர்களே இல்லை, சாம்பல் நிற டை ஒன்று மட்டும். மின்புத்தகமாக ஏற்கெனவே பரவிவிட்ட கதைக்கு, கடையில் கூச்சமில்லாமல் கையில் எடுக்கத்தக்க அட்டை அது. அடுத்த இரண்டு மூன்று வருடம் கறுப்புப் பின்னணியில் முகமூடி, ஹீல்ஸ் செருப்பு, கஃப்லிங்க் என்று சாமான்கள் வரிசையாக வந்தன. ஒரு வகையே ஆடைக்கடை கண்ணாடி அலமாரி மாதிரி ஆகிப்போனது.

இன்று பரவலாக இருக்கும் கார்ட்டூன் அட்டைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1996இல் 'பிரிட்ஜெட் ஜோன்ஸ்' நாவல் வந்து கிளப்பிவிட்ட 'சிக் லிட்' அலையில், அதாவது நகரத்து இளம்பெண்களைப் பற்றிய வேடிக்கைக் கதைகளின் அலையில், இளஞ்சிவப்புப் பின்னணியில் மெல்லிய கோட்டில் ஒரு பெண்ணும் கைப்பையும் இருக்கும். அந்த அலை ஓய்ந்ததும் அட்டையும் ஓய்ந்தது. 2018இல் பெர்க்லி பதிப்பகம் ஜாஸ்மின் கில்லரியின் 'தி வெட்டிங் டேட்', ஹெலன் ஹோங்கின் 'தி கிஸ் கோஷன்ட்' இரண்டையும் வரைபட அட்டையோடு பெரிய அளவு பேப்பர்பேக்காக வெளியிட்டது. அடுத்த வருடம் 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் புளூ'. 2020இல் எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்'. இவை சூப்பர்மார்க்கெட் ராக்குக்காக அச்சடித்தவையல்ல. புத்தகக்கடையின் முன்மேசைக்குப் போனவை. தட்டையான நிறம், முகபாவம் குறைந்த இரண்டு உருவம், கையால் எழுதியது போன்ற தலைப்பு. தபால்தலை அளவிலும் தெளிவாகத் தெரியும், காபிக்கடை மேசையில் வைத்தாலும் யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள்.

இந்த அட்டைகளை மட்டம் தட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது, அதில் பாதி நியாயமும் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் அவை செய்தது சின்னக் காரியம் அல்ல. கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஒருவர் கறுப்பின ஜோடியை வைத்து எழுதிய காதல் நாவலைப் பெரிய அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று வரிசை நாவலாக வெளியிட்டதே 1980இல்தான். டெல் பதிப்பகத்தில் அதைக் கொண்டுவந்தவர் விவியன் ஸ்டீவன்ஸ் என்ற கறுப்பின எடிட்டர். பெவர்லி ஜென்கின்ஸின் சரித்திர நாவல்கள் 1994 முதல் வந்தன, அதே வருடம் அரபெஸ்க் என்ற தனி வரிசையும் தொடங்கியது. ஆனால் ஸ்டாக் போட்டோ காலத்தில் அந்த எழுத்தாளர்களுக்கு எழுந்த சிக்கல் அப்பட்டமானது: பத்தொன்பதாம் நூற்றாண்டு கவுனில் கறுப்பினப் பெண்ணின் படம் வேண்டும் என்று தேடினால் கிடைப்பது ஒன்றோ இரண்டோ. பருமனான நாயகி, சக்கர நாற்காலியில் இருக்கும் நாயகி, தலையில் ஹிஜாப் அணிந்த நாயகி என்றால் அதுவும் இல்லை. வரைபவருக்கு மாடல் தேவையில்லை. 2019இல் வந்த டாலியா ஹிப்பர்ட்டின் 'கெட் எ லைஃப், க்ளோயி பிரவுன்' அட்டையில் பருமனான கறுப்பின நாயகி சந்தோஷமாக நிற்கிறாள். இருபது வருடம் முன்னால் அந்தப் படத்துக்கு மாடல் தேடும் வேலையே பாதியில் நின்றிருக்கும்.

நியாயமான மறுபாதி, நான் முன்பு சொன்ன சங்கேத மொழி அழிந்துபோனதுதான். ஒரே மாதிரி மிட்டாய் நிற அட்டைக்குள் ஒரு நாவல் முத்தத்தோடு நிற்கும், பக்கத்தில் இருப்பது எல்லாக் கதவையும் திறந்து போடும். இரண்டுக்கும் வெளியே வித்தியாசம் தெரியாது. கார்ட்டூன் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கானது என்று நினைத்து வாங்கித் தந்த பெற்றோர்கள் அப்புறம் திடுக்கிட்டதும் நடக்கிறது. துக்கத்தைப் பேசும் கனமான கதைக்கும் அதே சிரித்த முகம். அட்டை விட்ட வேலையை இப்போது வாசகிகளே செய்கிறார்கள்: எவ்வளவு காரம் என்று மிளகாய்ப் படம் போட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். 2021இல் வந்த 'தி லவ் ஹைபாதிசிஸ்' அட்டையில் ஆய்வகக் கோட்டு போட்ட ஜோடி முத்தமிட்டுக்கொண்டிருக்கும். பழைய கிளின்ச்தான், தலைமுடி மட்டும் பறக்கவில்லை.

அந்த நாவலைத் தூக்கிவிட்டதில் டிக்டாக்குக்குப் பெரிய பங்குண்டு, இப்போது அட்டை பேச வேண்டிய ஆள் அந்த போன் கேமராதான். கேமராவுக்குப் புத்தகம் ஒரு பொருள். முன்பக்கம் மட்டும் போதாது, எல்லாப் பக்கமும் அழகாக இருக்க வேண்டும். 2023இல் ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' முதல் பதிப்பில் தாள்களின் வெளி விளிம்பே கறுப்பில் டிராகன் படத்தோடு வந்தது. அதன்பின் விளிம்பில் வண்ணம் தீட்டிய பதிப்புகள் குவிந்துவிட்டன. காதலும் மாயக்கதையும் கலந்த, ரொமான்டஸி என்று அழைக்கப்படும் இந்த வகையில் அட்டையில் மனிதர்கள் அரிது. கிரீடம், கத்தி, கொடி, பாம்பு. சாரா ஜே. மாஸின் 2015 நாவல் வரிசையின் முதல் அட்டைகளில் ஓர் இளம்பெண் நின்றாள். 2020இல் மறுபதிப்பு வந்தபோது அவளை எடுத்துவிட்டு ஒற்றை நிறப் பின்னணியில் விலங்குருவம் போட்டார்கள்.

மாஸ் மார்க்கெட் பேப்பர்பேக்கின், அதாவது ராக்குகளில் விற்ற அந்தச் சின்ன அளவு மலிவுப் பதிப்பின், கதை இதற்கிடையில் முடிந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 2004இல் 13.1 கோடி பிரதி விற்ற அந்த வடிவம், 2024இல் 2.1 கோடியில் வந்து நின்றது. சூப்பர்மார்க்கெட்டுகளுக்குப் புத்தகம் தரும் மிகப்பெரிய விநியோகஸ்தரான ரீடர்லிங்க், 2025 முடிவோடு அதை விநியோகிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது.

தானே பதிப்பிக்கும் எழுத்தாளர்கள் பலர் இப்போது ஒரே நாவலுக்கு இரண்டு அட்டை போடுகிறார்கள். மின்புத்தகத்துக்கு வெற்று மார்போடு மாடல் படம், ஏனென்றால் தேடல் பட்டியலில் அது என்ன கதை என்று உடனே சொல்ல வேண்டும். அச்சுப் புத்தகத்துக்குப் பூவும் எழுத்தும் மட்டும் போட்ட 'அடக்கமான' அட்டை, ஏனென்றால் அது அலமாரியில் மாமியார் கண்ணில் படும். ஸ்டெப்பேக்கின் இரண்டு தாள்களும் பிரிந்து தனித்தனிச் சரக்காகிவிட்டன. இரண்டையும் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.